தென் தான்சானியாவில் ஒரு மிஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தான்சானியாவின் தெற்கே ருவூமா மாகாணத்தில், சொங்கேயா நகரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கத்தோலிக்க மிஷன் மருந்தகத்தில் மூன்று வருஷம் நர்ஸாக இருந்தேன். நான் கன்னியர் இல்லை, பொதுநிலையினர்தான். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். திரும்பி வந்த நாளிலிருந்து கல்யாண வீடு, கெபித் திருவிழா, ரயில் என்று எங்கே போனாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

மிஷன் என்றால் கோயிலா, ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா?

எல்லாம் சேர்ந்த ஒரு வளாகம். நடுவில் செங்கல் கோயில், ஒரு பக்கம் சாமியார் பங்களா, மறுபக்கம் சிஸ்டர்மார் மடம். கொஞ்சம் தள்ளி மருந்தகம், பள்ளிக்கூடம், தையல் கூடம், பன்றிக் கொட்டில், மக்காச்சோளம் அரைக்கிற மாவு மில். சுற்றிலும் வரிசையாக மாமரம். ஊருக்குள் எது முக்கியம் என்று கேட்டால் நான் மாவு மில்லைத்தான் காட்டுவேன். கோயிலுக்கு வராதவர்களும் அங்கே வந்தாக வேண்டும். தலையில் பேசின், முதுகில் துணியால் கட்டிய பிள்ளை என்று பெண்கள் வரிசையில் நிற்கும் இடம் அது. யார் வீட்டில் காய்ச்சல், யார் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் மருந்தகத்து நோட்டில் ஏறுவதற்கு முன்பே மில் வரிசையில் பேசி முடிந்திருக்கும்.

இதே அமைப்பைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் சொங்கேயாவுக்கு மேற்கே பெரமிஹோ இருக்கிறது. ஜெர்மன் பெனடிக்டைன் துறவிகள் 1898-இல் தொடங்கியது. மடம், பெரிய ஆஸ்பத்திரி, அச்சகம், தச்சுப் பட்டறை என்று அது ஒரு குட்டி நகரம். எங்களுடையது அதற்குப் பேரப்பிள்ளை மாதிரி.

போய்ச் சேர்வது எப்படி? சிங்கம் எல்லாம் வருமா?

தார் எஸ் சலாமிலிருந்து சொங்கேயாவுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விடியுமுன் பஸ் ஏறினால் இராத்திரிதான் இறங்கலாம். வழியில் மிகுமி தேசியப் பூங்காவை ரோடு குறுக்கே வெட்டிப் போகிறது. பஸ் ஜன்னலிலிருந்தே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் பார்த்தேன். மூன்று வருஷத்தில் நான் பார்த்த காட்டு விலங்கு அவ்வளவுதான். மிஷனில் எங்களை ஆட்டிப் படைத்தது எலி, மக்காச்சோளத்தைத் தின்ன வரும் காட்டுப்பன்றி, இராத்திரி படைபடையாக வீட்டுக்குள் புகும் ஸியாஃபு எறும்பு. அப்புறம் ஃபுன்சா என்கிற மணல் தெள்ளுப்பூச்சி. கால் விரல் நகத்தடியில் புகுந்து முட்டை வைக்கும். பள்ளிப் பிள்ளைகளின் காலில் அதை ஊசியால் நோண்டி எடுப்பதே எனக்கு வாரம் ஒரு நாள் வேலை.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஐந்தரைக்கு மணி. மணி என்றால் வெண்கல மணி இல்லை. மாமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்ட பழைய லாரிச் சக்கரத்தின் ரிம். இரும்புக் கம்பியால் அடித்தால் அடுத்த மலை வரை கேட்கும். ஆறு மணிக்குப் பூசை, ஏழுக்கு இனிப்புத் தேநீரும் வள்ளிக்கிழங்கும், எட்டுக்கு மருந்தகம். மதியம் வரை கூட்டம் நெரியும், பிறகு ஓயும். ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். சோலார் விளக்கு எட்டு எட்டரை வரை தாங்கும்.

முதல் வாரம் நான் பட்ட பாடு நேரத்தால் வந்தது. சுவாஹிலியில் நேரத்தைப் பொழுது விடிவதிலிருந்து எண்ணுவார்கள். ஏழு மணி என்பது அவர்களுக்கு 'ஒரு மணி', எட்டு மணி என்றால் 'இரண்டு மணி'. கர்ப்பிணிகள் பரிசோதனை 'ஸா ம்பிலி', அதாவது இரண்டு மணிக்கு என்றார்கள். நான் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்குப் போனேன். காலை எட்டிலிருந்து இருபது பெண்கள் வெயிலில் காத்திருந்தார்கள். ஒருத்தர்கூடக் கோபப்படவில்லை. 'போலே, தாதா' என்றார்கள், பாவம் அக்கா என்று. தப்புச் செய்தது நான், பரிதாபப்பட்டது அவர்கள்.

ஞாயிறு பூசை நம் ஊர் மாதிரிதானா?

முறை அதேதான், ஓட்டம் வேறு. இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. ஒருவருக்கும் அவசரம் இருக்காது, ஏனென்றால் வாரம் முழுவதும் தனித்தனி வயலில் கிடப்பவர்கள் ஒன்றாகப் பார்த்துக்கொள்வது அன்றைக்குத்தான். கோயிலில் வணக்கம் சொல்லும் முறை நமக்குப் பழக்கமானது. 'தும்ஸிஃபு யேசு கிறிஸ்தோ' என்று ஒருவர் சொன்னால் 'மிலேலே, ஆமினா' என்று பதில். நம் பாட்டிமார் சொல்லும் 'சேசுவுக்கே தோத்திரம்' ஞாபகம் வரும்.

பாடகர் குழுவில் மேளம், நாணல் தட்டைக்குள் விதை போட்ட கயம்பா. பாட்டு சூடு பிடிக்கும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றி ஓர் ஒலி எழுப்புவார்கள், அதற்குப் பெயர் விகெலெகெலே. முதல் ஞாயிறு அதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அப்பட்டமான குலவை! முளைப்பாரி எடுக்கும்போது எங்கள் ஊரில் போடும் அதே குலவை, கோயிலுக்குள், எழுந்தேற்றத்தின்போது.

காணிக்கையாகக் காசு மட்டும் வராது. கோழி, முட்டை, ஒரு படி பீன்ஸ், கரும்பு, ஒரு தடவை முயல்கூட வந்தது. பூசை முடிந்ததும் வெளியே மாமரத்தடியில் ஏலம். ஏலத்துக்கு ம்னாதா என்று பெயர். தென் மாவட்டத்து சி.எஸ்.ஐ. ஸ்தோத்திரப் பண்டிகையில் வாழைத்தார் ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு சேவலை எட்டாயிரம் ஷில்லிங்குக்கு எடுத்த பள்ளிக்கூட வாத்தியார், காசைக் கட்டிவிட்டுச் சேவலைத் திரும்ப ஏலத்துக்கே விட்டார். இரண்டாவது தடவை எடுத்தவர் அதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியின் மடியில் வைத்துவிட்டுப் போனார். சேவல் கொக்கரித்த கொக்கரிப்பில் அறிவிப்பு ஒன்றும் காதில் விழவில்லை.

மழைக்காலத்தில் தகரக் கூரைமேல் மழை இறங்கினால் பிரசங்கம் அங்கேயே நின்றுவிடும். சாமியார் உட்கார்ந்துகொள்வார், குழு பாட ஆரம்பிக்கும். நல்ல ஏற்பாடு.

எல்லாவற்றையும் வெள்ளைக்கார சாமியார்கள்தானே நடத்துகிறார்கள்?

இல்லை. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நீளமாகத்தான் பதில் சொல்வேன். நான் இருந்த காலத்தில் எங்கள் மிஷனில் ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லை. பங்குச் சாமியார்கள் இரண்டு பேரும் அந்த மாகாணத்துக்காரர்கள். சிஸ்டர்மாரும் அப்படியே. அன்னியள் என்று இருந்தது நான் ஒருத்திதான்.

சாமியார்களும் சிஸ்டர்மாரும் நடத்தினார்கள் என்று சொன்னாலும் பாதி உண்மைதான். எங்கள் பங்குக்கு ஒன்பது கிளைக் கிராமங்கள். அவற்றைக் கிகாங்கோ என்பார்கள். ஒரு கிகாங்கோவுக்கு மாதம் ஒரு பூசை கிடைத்தால் பெரிது. மழையில் ரோடு போய்விட்டால் இரண்டு மாதம் ஆகிவிடும். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது, வாசகத்துக்கு விளக்கம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது, சாவு விழுந்தால் அடக்கம் செய்வது எல்லாம் கட்டெகிஸ்டா. நம் தாத்தா காலத்து உபதேசியாரேதான்.

எங்களில் ஒரு கட்டெகிஸ்டாவுக்கு அறுபது வயது இருக்கும். கார் டயரை வெட்டித் தைத்த செருப்பு, பழைய சீனச் சைக்கிள். செயினுக்குச் சமையல் சூரியகாந்தி எண்ணெய்தான் போடுவார். ஞானஸ்நானப் பதிவேட்டை ரொட்டிப் பையில் சுற்றிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வார், மழையில் தாம் நனைந்தாலும் அது நனையக்கூடாது. ஒரு நாள் காலில் புண் என்று மருந்தகத்துக்கு வந்தார். உள்ளங்கால் நடுவில் ஒரே இடத்தில் ஆறி ஆறி மறுபடி கிழிந்த காயம், விளிம்பெல்லாம் காய்ப்பு. டயர்ச் செருப்பையும் மீறி எப்படி இப்படி ஆகும் என்று எனக்குப் புரியவில்லை. வெளியே வந்து சைக்கிளைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. வலது பெடலில் ரப்பர் கட்டையே இல்லை, வெறும் இரும்புத் தண்டு. செருப்பையும் அது துளைத்துவிட்டது. அந்தத் தண்டை மிதித்துத்தான் வாரம் நாலு கிராமம். சம்பளம் என்று அவருக்குக் கிடைப்பது ஒரு மாதத்துச் சோப்புக்கும் உப்புக்கும் காணாது. சாப்பாட்டுக்கு அவருடைய மக்காச்சோள வயல்தான். புண் ஆறும் வரை சைக்கிள் வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டினார். மறுநாள் நடந்தே போனார், பதினோரு கிலோமீட்டர்.

மறைமாவட்டத்திலிருந்து பெரியவர்கள் வரும்போது பாட்டு, கித்தெங்கே துணி மாலை, வறுத்த கோழி எல்லாம் உண்டு. அந்த மனுஷருக்கு ஒரு ஜோடி பெடல் வாங்கிக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன். எனக்கே எட்டு மாதம் தோன்றவில்லை.

அன்பியம் உண்டா?

நாம் அன்பியம் என்று சொல்வதை அங்கே ஜுமுயியா என்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1970-களிலேயே இதைத் திருச்சபையின் அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். பத்துப் பதினைந்து வீடுகள் வாரம் ஒரு விடியற்காலை ஒரு வீட்டு முற்றத்தில் கூடும். பாய் விரித்து ஜெபமாலை, வாசகம், பிறகு யாருக்கு விதை வேண்டும், யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்ற பேச்சு. யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் அவர் வயலில் ஜுமுயியாவே களை எடுத்துக் கொடுக்கும். இதை உண்மையிலேயே நடத்துவது பெண்கள். வாவாட்டா என்கிற கத்தோலிக்கப் பெண்கள் சங்கத்தின் சீருடைத் துணியை ஞாயிறு அன்று எண்ணினாலே யார் கையில் ஊர் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஞானஸ்நானமோ திருமணமோ அடக்கமோ எது வேண்டுமானாலும் ஜுமுயியா தலைவரின் ஒப்புதல் வேண்டும். கூட்டத்துக்கு ஒழுங்காக வராதவர், காணிக்கை பாக்கி வைத்தவர் செத்தால் சாமியார் வரமாட்டார் என்று சொல்லிவிடுவதுண்டு. நான் இருந்தபோது ஒரு பாட்டுக்காரர் இறந்தார். குடிகாரர், மூன்று வருஷமாகக் கூட்டத்துக்கு வராதவர். மந்திரம் இல்லாமல் அடக்கம் என்று முடிவாயிற்று. ஆனால் குழி வெட்டியவர்கள், சாவு வீட்டில் சமைத்தவர்கள், மூன்று இராத்திரி அவர் மனைவியோடு தரையில் படுத்திருந்தவர்கள் எல்லாம் அதே ஜுமுயியா பெண்கள்தான். சட்டத்தைப் போட்டதும் அவர்கள், அதை ஓரமாகச் சுற்றிப் போனதும் அவர்கள்.

அரிசி, கோதுமை கொடுத்து மதம் மாற்றினார்கள்தானே?

இன்று கோயிலில் இருப்பவர்கள் மூன்றாம், நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள். அவர்களிடம் போய் இதைக் கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் தொடக்கம் சுத்தமானது என்றும் சொல்லமாட்டேன். மிஷனரிகள் வந்தது ஜெர்மன் ஆட்சியின் நிழலில்.

அந்தச் சரித்திரத்தில் எல்லாப் பக்கமும் இரத்தம்தான். 1905-இல் ஜெர்மானியருக்கு எதிராக மாஜி மாஜி எழுச்சி வெடித்தது. மாஜி என்றால் தண்ணீர். மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டால் துப்பாக்கிக் குண்டு தண்ணீராகிவிடும் என்று நம்பிப் போனார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில், பெரமிஹோவைத் தொடங்கியவரும் பின்பு ஆயரானவருமான காசியன் ஷ்பிஸ்ஸும் கூடப் போனவர்களும் வழியில் கொல்லப்பட்டார்கள். பெரமிஹோ மிஷன் எரிக்கப்பட்டது. 1906 பிப்ரவரி 27 அன்று ஜெர்மானியர் அந்தப் பகுதியின் ங்கோனி இனத் தலைவர்கள் 60 பேருக்கும் மேலானவர்களைச் சொங்கேயாவில் தூக்கிலிட்டார்கள். அந்த நாட்களில் கொல்லப்பட்ட சொங்கேயா ம்பானோ என்ற தலைவரின் பெயர்தான் இன்று நகரத்தின் பெயர். அவர் தலையை ஜெர்மனிக்குக் கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். அதற்கப்புறம் ஜெர்மானியர் வயல்களையும் களஞ்சியங்களையும் கொளுத்திவிட்டார்கள். குண்டால் செத்தவர்களைவிடப் பஞ்சத்தில் செத்தவர்கள் பல மடங்கு.

2023 நவம்பரில் ஜெர்மன் ஜனாதிபதி ஷ்டைன்மையர் சொங்கேயாவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார், தலையைத் தேட உதவுவதாகவும் சொன்னார். ஆண்டுதோறும் பிப்ரவரி 27-இல் நினைவுநாள் நடக்கிறது. தூக்கில் போனவர்களின் பேரப்பிள்ளைகளே பூசையிலும் இருப்பார்கள், நினைவிடத்திலும் நிற்பார்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று எங்கள் கட்டெகிஸ்டாவிடம் கேட்டேன். 'துப்பாக்கி ஜெர்மானியருடையது, ஜெபம் எங்களுடையது' என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை.

சாப்பாடு?

உகாலி. கொதிக்கிற நீரில் மக்காச்சோள மாவைப் போட்டு மரக் கரண்டியால் கிண்டிக் கிண்டி இறுக்கியது. நம் களியேதான், நிறம் மட்டும் வெள்ளை. கையால் உருட்டி, கட்டைவிரலால் குழி போட்டு, அதில் குழம்பை அள்ளிச் சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ளப் பீன்ஸ், முளைக்கீரை, மரவள்ளி இலை. நியாசா ஏரியிலிருந்து வரும் தாகா என்கிற குட்டிக் கருவாடு நம் நெத்திலிக்குச் சொந்தக்காரன். நான் கொண்டுபோன மிளகாய்த்தூளில் அதை வறுத்த அன்று சமையற்கட்டு மாமா ஒருத்தி ஜன்னலைத் திறந்துவிட்டுத் தும்மினாள். மாமா என்றால் அங்கே அம்மா. முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பசிக்காலம். பழைய தானியம் தீர்ந்திருக்கும், புதியது முற்றியிருக்காது. அந்த மாதங்களில் மருந்தகத்துக்கு வரும் பிள்ளைகளின் எடை இறங்குவதை நோட்டிலேயே பார்க்கலாம். அதே மழைக்காலத்தில்தான் மூங்கில் குருத்தைச் சீவி வடிக்கும் உலன்ஸி கிடைக்கும். காலையில் பதநீர், மாலையில் கள்.

மலேரியா வரவில்லையா?

இரண்டு முறை வந்தது. கொசுவலைக்குள்தான் படுத்தேன், இருந்தும் வந்தது. எங்களுக்கு வருகிற காய்ச்சலில் பெரும்பங்கு அதுதான். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், சோதனை அட்டையில் இருபது நிமிஷத்துக்குள் ஒரு கோடா இரண்டு கோடா என்று தெரிந்துவிடும். இரண்டு கோடு என்றால் தாவா யா ம்ஸேடோ, அதாவது கூட்டு மருந்து. மூன்று நாளில் ஆறு வேளை, கொழுப்புள்ள உணவோடு. சிக்கலே இங்கேதான். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை அடுத்த பிள்ளைக்கென்று எடுத்து வைத்துவிடுவார்கள். திட்டிப் பயனில்லை. அந்த மாத்திரைக்காக எட்டு கிலோமீட்டர் நடந்து வந்தவள் சிக்கனம் பிடிப்பது இயல்புதானே.

எச்.ஐ.வி. மருந்து அரசாங்கத்தில் இலவசம். மாதா மாதம் வந்து வாங்கி, வயல் வேலை செய்து, பேரன் பேத்தி எடுத்தவர்கள் நிறையப் பேர். அதைப் பற்றி இங்கே கேட்பவர்கள் முகத்தில் ஒரு பயம் தெரியும். அங்கே அந்தப் பயம் குறைந்துவிட்டது.

பில்லி சூனிய நம்பிக்கை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, கோயிலுக்கு வருபவர்களிடமும். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அது தெகெதெகே, பறவை மாதிரி ஒரு ஆவி பிடித்தது என்று முதலில் நாட்டு வைத்தியரான ம்கங்காவிடம் கொண்டுபோவார்கள். நமக்கு அது மூளை மலேரியா, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எங்கள் மருத்துவ உதவியாளர் புத்திசாலி. ம்கங்காவோடு சண்டை போடவில்லை, அவரிடமே போய் 'வலிப்பு வந்தால் அன்றைக்கே எனக்கு அனுப்பு, மற்றதை நீ பார்த்துக்கொள்' என்று பேசி வைத்துக்கொண்டார். அந்த ஏற்பாட்டால் பிழைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இதைச் சிரிப்பாகக் கேட்கும் நம் ஆட்களிடம், வேப்பிலை அடிக்காமல் நம் வீட்டில் எத்தனை பிள்ளை வளர்ந்தது என்று திருப்பிக் கேட்பேன்.

கல்யாணம்?

பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை மஹாரி கொடுக்க வேண்டும். மாடு, ஆடு, காசு. நம் வரதட்சணைக்கு நேர் எதிர். அது கட்டி முடிய வருஷக்கணக்காகும் என்பதால் பலர் சேர்ந்து வாழ்ந்துகொண்டே கோயில் திருமணத்தைத் தள்ளிப்போடுவார்கள். அதுவரை நற்கருணை கிடையாது. நற்கருணைக்கு வரிசை நகரும்போது பாதிப் பேர் உட்கார்ந்தே இருப்பது அதனால்தான். எப்போதாவது பத்து ஜோடிக்கு ஒன்றாகத் திருமணம் வைப்பார்கள். ஒரு மணப்பெண்ணின் முந்தானையைப் பிடித்து நடந்தது அவளுடைய பேத்தி.

முஸ்லிம்களோடு எப்படி?

ஒரே குடும்பத்தில் அண்ணன் யோசேப், தம்பி ஜுமா என்று இருப்பார்கள். பெருநாள் பிலாவு மிஷனுக்கு வரும், கிறிஸ்துமஸ் அன்று இங்கிருந்து போகும். எங்கள் மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர் முஸ்லிம். பிரசவ வலி கண்டவளை நடுராத்திரி ஏற்றிக்கொண்டு வந்து கொடுப்பது அவர்தான்.

மொழி கஷ்டமா? இந்தியர் என்றால் எப்படிப் பார்ப்பார்கள்?

சுவாஹிலி நான்கு மாதத்தில் வாய்க்கு வந்துவிடும். பாதி வார்த்தை நமக்குத் தெரிந்ததே. லட்சம் அங்கே லாகி, கடை தூகா, மேசை மேஸா. சாமியாரைப் பாத்ரே என்பார்கள். நம் பாதிரியும் அதுவும் ஒரே போர்ச்சுகீசியத் தாய் பெற்றவை. சிறைச்சாலைக்கு கெரெஸா என்று பெயர், அது போர்ச்சுகீசியத்தில் கோயிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். கோட்டைக்குள் கோயிலும் சிறையும் ஒன்றாக இருந்தால் இப்படித்தான்.

வாசலில் நின்று 'ஹோதி' என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து 'கரிபு' என்று வந்த பிறகே நுழைய வேண்டும். பெரியவர்களுக்கு 'ஷிக்கமோ' சொல்லாமல் கடந்துபோனால் ஊர் முழுக்கப் பேச்சாகும்.

என்னைப் பார்த்துப் பிள்ளைகள் 'ம்ஹிந்தி!' என்று கத்துவார்கள், இந்தியக்காரி என்று. அவர்களுக்குத் தெரிந்த இந்தியர் சொங்கேயா கடைக்காரர்கள்தான். எனவே முதல் ஞாயிறு நான் நற்கருணை வாங்கப் போனதும் சலசலப்பு. பூசை முடிந்து ஒரு கிழவர், உங்கள் ஊருக்கு எந்த வெள்ளைக்காரர் வேதம் கொண்டுவந்தார் என்று கேட்டார். இயேசுவின் சீடர் தோமையாரே நம் நாட்டுக்கு வந்த கதையைச் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, 'அப்படியானால் நீங்கள் எங்களுக்கு மூத்தவர்கள்' என்று எனக்கே ஷிக்கமோ சொன்னார். வெட்கமாகப் போய்விட்டது.

நானும் போகலாமா?

போகலாம், சும்மா போகமுடியாது. பங்கோ சபையோ அழைக்க வேண்டும். தன்னார்வலர்களுக்கும் மிஷனரிகளுக்கும் சி வகுப்புக் குடியிருப்பு அனுமதி என்று ஒன்று உண்டு. நர்ஸ் என்றால் அந்நாட்டு மன்றத்தில் தனியாகப் பதிய வேண்டும். காகிதம் நகர மாதக்கணக்காகும். மூன்று வாரத்துக்குப் போய்ச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துப் போட்டோ எடுத்துவர நினைத்தால் அந்த டிக்கெட் காசை அனுப்பிவிடுங்கள். மொழி படிக்க மட்டும் ஆறு மாதம் ஒதுக்க முடிந்தவர்கள் போங்கள். தைக்க, சைக்கிள் பார்க்க, தண்ணீர் பம்பு கழற்றி மாட்டத் தெரிந்தவர் வந்தால் தெய்வம் வந்த மாதிரி. என்னைவிட அவர்களுக்கு மதிப்பு அதிகம்.

இப்போதும் அவர்களோடு பேசுகிறீர்களா? அங்கே போன் எடுக்குமா?

மிஷனுக்குப் பின்னால் ஒரு பெரிய கறையான் புற்று இருக்கிறது, ஆள் உயரத்துக்கு மேல். அதன்மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். பொழுது சாயும் நேரம் அங்கே வரிசை நிற்கும். கட்டெகிஸ்டா ஞாயிறு மாலை ஏறுவார். காற்று இரைச்சலோடு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். முதலில் என் அம்மா, பிறகு அண்ணன், பிறகு எங்கள் வீட்டு ஆடு என்று ஒவ்வொன்றாக நலம் விசாரித்து, அப்புறம் அங்கே மழை எப்படி என்று சொல்வார். போன மாதம் ஒரு போட்டோவும் வந்தது. சைக்கிள் மட்டும், ஆள் இல்லை. பெடல் இரண்டும் புதுசு.